வெறுங்கையோடு போகாத நாள்

அண்ணை,

இன்று காலை வைலேயில், எங்கள் குசினி மேசையில் பேரன் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாண் தின்றுகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கறுத்த நெடுங்கல் ஒன்றின் படம். மேலே அரசன் தெய்வத்தின் முன் நிற்கிறான். கீழே முழுக்க எழுத்து. "இது பாபிலோன் அரசன்ரை சட்டக் கல்லெல்லோ" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று டேனிஷில் கேட்டான். உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் அவனுக்கு இன்னொரு துண்டு பாண் வெட்டினேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கிரின்ஸ்டெட்டில் ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். வேலையும் ஒரே தொழிற்சாலையில். நீங்கள் நூலகத்திலிருந்து பழைய சாம்ராச்சியங்களைப் பற்றிய தடித்த புத்தகங்களை எடுத்து வந்து, அகராதியும் கையுமாக இருப்பீர்கள். மத்தியானம் பாணைப் பிரித்தால் அசீரியா, பாரசீகம், ரோமாபுரி எல்லாம் மேசைக்கு வந்துவிடும். ரோமாபுரி முதலில் கிறிஸ்தவ வேதக்காரரைச் சிங்கத்துக்குப் போட்டு, பிறகு அதே வேதத்தை அரச மதமாக்கிய கதையைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் ஏறும். "அப்ப உங்கடை ஆக்கள் ரோமை வெண்டவையோ, ரோம் உங்கடை ஆக்களை வெண்டதோ?" என்று சைவக்காரனான நான் சீண்டுவேன். "வாயை மூடிக்கொண்டு தின்" என்பீர்கள்.

உண்மையில் எனக்கு எந்த அரசனும் தேவைப்படவில்லை. மட்டக்களப்பில் மனைவியும் நாலு வயது மகளும் சுற்றிவளைப்புக்கும் ஷெல்லுக்கும் நடுவில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்த உங்கள் மனைவிக்காக நீங்கள் போட்டதற்கும் அதே கதிதான். கதவுத் துவாரத்தால் கடிதம் விழுகிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாக எழும்புவோம். அநேகமாகக் கடை விளம்பரமாக இருக்கும்.

ஒருநாள் பொலிஸ் கந்தோரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது, விண்ணப்பம் பற்றி விசாரிக்க. மொழி பெயர்க்க நீங்கள் கூட வந்தீர்கள். உங்களுக்குச் சொல்லாமல் நான் ஒரு போத்தல் விஸ்கியைப் பேப்பரில் சுற்றி உடுப்புப் பையில் வைத்திருந்தேன். அரசாங்கக் கச்சேரிக்கு வெறுங்கையோடு போய்க் காரியம் பார்த்த மனிதன் எங்கள் ஊரில் உண்டா? உள்ளே போனதும் இரண்டு கையாலும் அதை எடுத்து விசாரிக்க இருந்த அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

அந்த மனிதர் பேப்பரைப் பிரித்துப் பார்த்தார். முகம் சிவந்தது. பேனையை எடுத்தார். இதை இலஞ்சம் என்று எழுதினால் விண்ணப்பம் இன்றோடு சரி என்றார். நீங்கள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நான்தான் கொண்டுவரச் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கம். இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று டேனிஷில் சொன்னீர்கள். அவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். நீங்கள் அந்தக் கேள்வியை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் உங்கள் பெயரையும் உங்கள் விண்ணப்ப இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காருக்குள் வெடித்தீர்கள். "கப்பம் கட்டிக் கட்டியே முதுகு வளைஞ்ச சனமடா நாங்கள்! அந்தப் பாபிலோன்காரன் சட்டத்தை ஏன் கல்லிலை வெட்டினவன்? அநியாயப்பட்டவன் முன்னுக்கு வந்து நிண்டு, வாசிச்சுக் காட்டு எண்டு கேக்கிறதுக்கு. போத்தல் நீட்டுறதுக்கில்லை." பிறகு குரலைத் தணித்து, "சரி விடு. அவன் கேட்டது உனக்கு விளங்கேல்லை. நீ என்ன செய்வாய்" என்றீர்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழரின் விண்ணப்பங்களை மேலிடம் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது என்பது பிறகு நாட்டுக்கே தெரியவந்தது. அனுமதிகள் வரத் தொடங்கின. என்னுடையது முதலில் வந்தது. மகள் வந்து இறங்கிய அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேசன் முழுக்க நடந்தவர் நீங்கள்தான். உங்களுடையது பல மாதம் பிந்தி வந்தது. அதற்கு முன்பே உங்கள் மனைவி காய்ச்சலில், ஆசுப்பத்திரிக்குப் போகப் பாதை திறக்காமல், இறந்துபோனா. அந்தச் செய்தி வந்த கடிதத்தை நீங்கள் எனக்கு வாசித்தே காட்டினீர்கள். முடிவில், "எல்லாற்றையும்தானே கிடப்பிலை போட்டவை. உன்ரை போத்தலாலை இல்லை" என்றீர்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அன்று அந்த மனிதர் எழுதிய வரி உங்கள் கோப்பில் என்ன செய்தது என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் மறுமணம் செய்யாமல், என் பிள்ளைக்குப் பெரியப்பாவாகவே இருந்து முடித்தீர்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன். ஒருநாளாவது இதைச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அன்று அவர் என்னிடம் கேட்டது, "இது உண்மையா?" என்பதுதான். டேனிஷில் மூன்றே சொல். மொழிப் பள்ளியில் முதல் மாதமே படித்த சொற்கள்.

எனக்கு விளங்கியது, அண்ணை.