முப்பத்தோராம் நாள் மலரில் வந்த ஜெர்மன்காரர்

கடிதம் போட்டால் ஒரு மாதம் கழித்துப் பதில் போடுகிற என் அன்பு அண்ணாவுக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் கொடுத்த உங்கள் நினைவு மலரில் வேறொருவருடைய வாழ்க்கையை அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். முந்நூறு பிரதி. லண்டன், கனடா, ஊர் எல்லா இடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் படத்துக்குக் கீழே இருக்கிற நாலு பக்கமும், நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் வாழ்ந்த ஒரு ஜெர்மன் வயலின்காரருடைய கதை.

சிரிக்காதீர்கள். நீங்களும் இதில் ஒரு குற்றவாளிதான்.

பாரிஸுக்கு வெளியே கார்ஜில் உங்கள் அறையை ஒதுக்கப் போனபோது, மேசை லாச்சிக்குள் மூன்று கொப்பிகள் இருந்தன. மேலே உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் 'வாழ்க்கை வரலாறு'. திறந்தேன். 'இவர் சிறு வயதிலேயே தகப்பனாரிடம் இசை கற்றார்' என்று தொடங்கியது. எங்கள் அப்பாவும் கோயிலில் தேவாரம் பாடினவர்தானே. அதற்கு மேல் வாசிக்க முடியாமல் கண்ணீர் மறைத்துவிட்டது. கொப்பிகளைச் சித்தப்பாவின் மகன் ரூபனிடம் கொடுத்துவிட்டேன். மலர் வேலை அவன் பொறுப்பு. இங்கேயே பிறந்தவன், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளினான்.

"அக்கா, அண்ணை தன்ரை கதையைத் தானே எழுதி வைச்சிருக்கிறார். இனி எனக்கென்ன வேலை? சுருக்கி அடிக்கச் சொல்லிக் குடுக்கிறன்."

எங்கள் ஊர் மலர்கள் எல்லாம் 'இவர்' என்றுதானே எழுதப்படுகின்றன? முன்யோசனையான மனிதர், எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நானும் நம்பினேன். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க என்னிடம் வந்தது. நான் பார்த்தது கடைசிப் பக்கத்தை மட்டும். மைத்துனர், மருமக்கள், பெறாமக்கள் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது, உங்களுக்குத் தெரியும். உங்கள் வாழ்க்கையில் பிழை இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்?

ஜெர்மனி என்ற சொல்லைக் கண்டும் யாரும் திடுக்கிடவில்லை. பாரிஸுக்கு வருமுன் இரண்டு வருடம் அங்கே அகதி முகாமில் இருந்தீர்கள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி நீங்கள் வாயே திறந்ததில்லை. வெற்றிடம் இருந்தால் எதை வைத்தாலும் நிற்கும்போல.

முப்பத்தோராம் நாளன்று மண்டபத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாப்பாடு முடிந்து ஆட்கள் மலரைப் புரட்டத் தொடங்கினார்கள். பன்னிரண்டு வயதில் ராசா முன்னிலையில் வயலின் வாசித்தார் என்று இருக்கிறது. புகழின் உச்சியில் இடது கை மோதிர விரல் விறைத்துப் போக, மேடையை விட்டிறங்கி முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்று இருக்கிறது. மாணவர்களை ஒருநாளும் முகத்துக்கு முன்னால் புகழாமல், கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார் என்றும் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் நீங்கள் ஊரில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்தீர்கள். ஜெர்மனியில் இப்போது ஏது ராசா என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

"ராசாவுக்கு முன்னாலை வாசிச்சவனாம். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொன்னவனே? சின்னனிலையிருந்தே அடக்கமான பிள்ளை" என்றார் பெரியமாமா. முகாமில் உங்களோடு இருந்தவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஓம் ஓம், நான் கேட்டிருக்கிறன். அந்த மாதிரி வாசிப்பார்." அவர் எதைக் கேட்டாரோ, அவருக்கே வெளிச்சம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது அண்ணா. பெருமையும் கோபமும். இத்தனை பெரிய விசயத்தை என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? நாங்கள் இருவரும் ஒரே ஸ்டேசனில் இறங்குகிறவர்கள். நீங்கள் கார்ஜ் பக்கம், நான் சார்செல் பக்கம். முப்பது வருடம் அந்தப் படியில் கையசைத்துப் பிரிந்திருக்கிறோம்.

மலர் வந்து நாலு நாள் கழித்து, பாரிஸில் ரூ காய் தெருவில் நான் வேலை செய்கிற சேலைக் கடைக்கு ஒரு வயதான பிரெஞ்சுப் பெண்மணி வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த, உங்கள் படம் போட்ட மரண அறிவித்தலைக் காட்டி, இவருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நெஞ்சடைப்பு என்றேன். அவர் அங்கேயே ஸ்டூலில் இருந்துவிட்டார். யார் என்று நான் கேட்கவில்லை. மலர் ஒன்றைக் கையில் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று நானே பெருமையாக மொழிபெயர்த்துச் சொன்னேன். ராசா, மேடை, விரல், மாணவர்கள். சொல்லச் சொல்ல அந்த மதாமின் முகம் மாறியது.

"இது அவருடைய கதை இல்லையே" என்றார் மெதுவாக.

அவர் ஒரு இசைப் பள்ளியில் வயலின் ஆசிரியை. அங்கே பத்தொன்பது வருடமாக வகுப்பறைகளைத் துடைத்தது நீங்களாம். அவருடைய அறையில் தாடி வைத்த ஒரு ஜெர்மன்காரரின் படம் தொங்குகிறதாம். அந்த ஜெர்மன்காரர் எழுதிய பயிற்சிகளைத்தான் பிள்ளைகள் இன்றைக்கும் வாசிக்கிறார்களாம். ஒருநாள் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இவர் யார் என்று கேட்டீர்களாம். அன்றிலிருந்து முதல் மாணவன் வருமுன், நீங்கள் தரை துடைக்கத் துடைக்க மதாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நீங்கள் வீட்டுக்கு வந்து தமிழில் எழுதியிருக்கிறீர்கள். பெயர் வருகிற இடமெல்லாம் 'இவர்'. அந்தப் பெயரை மதாம் எனக்கும் இரண்டு தரம் சொன்னார், எனக்கும் வாயில் நுழையவில்லை.

நீங்கள் கந்தோரில் மேசை வேலை செய்கிறீர்கள் என்றல்லவா நாங்கள் எல்லோரும் நம்பினோம்? அயன் செய்த சேட்டு, மினுக்கிய சப்பாத்து. கந்தோருக்குப் போகிறவர் ஏன் முதல் ரயிலைப் பிடிக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

மதாம் ஒருதரம் தன் வயலினையே உங்களிடம் நீட்டினாராம். கையைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம், கேட்டாலே போதும் என்றீர்களாம். ஏன் அண்ணா? பயமா? வெட்கமா? அல்லது உண்மையிலேயே அதுவே போதுமாக இருந்ததா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மலரை வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனபோது மதாம் ஓரிடத்தில் என்னை நிறுத்தினார். 'ஊரை விட்டு வந்த புதிதில் நாடகக் கொட்டகையில் விளக்குக் கொளுத்தியும் கதிரை அடுக்கியும் பிழைத்தார். தாயாருக்கு மட்டும், வாத்தியக் குழுவில் வாசிப்பதாகவே கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களை எழுதும்போது அவருக்குக் கை கூசியது' என்ற இடம்.

"இதை நான் சொல்லவில்லை. அந்த ஜெர்மன்காரர் நகரத்துக்கு வந்த நாளே வாத்தியக் குழுவில் சேர்ந்தவர். தாயாரோ அவர் குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார்."

மதாம் மலரில் இருந்த உங்கள் படத்தை ஒருதரம் தடவிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரையில்லாத யோசனை. கொப்பிகளை எடுத்து வாசித்தால், எது ஜெர்மன்காரர், எது நீங்கள் என்று பிரிக்கத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்டது யார்? அவர்தான் என்கிறார் மதாம். நீங்களும் துடைப்பத்தோடு அங்கேதான் நின்றீர்கள் என்றும் அவரே சொல்கிறார்.

அதைவிடப் பெரிய தலையிடி அம்மா. ஊரில் பெரியக்கா மலரை வாசித்துக் காட்ட, எண்பத்தாறு வயதில் அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாராம். உண்மையைச் சொன்னால் அந்தப் பெருமையைப் பிடுங்கியதாகிவிடும். சொல்லாவிட்டால், அம்மா யாரோ ஒரு ஜெர்மன்காரனைத் தன் பிள்ளை என்று நினைத்து அழுவார். உங்களுக்காக யார் அழுவது?

"விடுங்கோ அக்கா, மனிசி சந்தோசமா இருக்கட்டும்" என்றான் ரூபன். அவனுக்கும் குற்ற உணர்ச்சி. என்னால் விட முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். சுற்றி வளைத்து, மலரில் ஒரு சின்னப் பிழை நடந்துவிட்டது என்று தொடங்கினேன். அம்மா என்னை முடிக்க விடவில்லை.

"பிள்ளை, ராசாவுக்கு முன்னாலை வாசிச்சது அவனில்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அது ஆரோ ஒருத்தன்ரை கதை."

"அப்ப ஏனம்மா தலைமாட்டிலை வைச்சிருக்கிறியள்?"

"நடுவிலை ஒரு இடம் வருது. விளக்குக் கொளுத்தி, கதிரை அடுக்கி, தாய்க்கு வேறை மாதிரி எழுதினவர் எண்டு. அதை மட்டும் அக்காவைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னனான். அது என்ரை பிள்ளை."

எப்படித் தெரியும் என்று நான் கேட்குமுன் அம்மாவே சொன்னார்.

"கந்தோரிலை இருக்கிறவன்ரை கடுதாசி ஏன் நிலம் கழுவுற மருந்து மணக்குது? முதல் கடுதாசியிலையே எனக்கு விளங்கினது. அவன் மறைக்கிறான், மறைக்கட்டும் எண்டு விட்டிட்டன். கை கூசினது எண்டுதான் எனக்குத் தெரியாது."

அம்மா அழுதார். நானும் அழுதேன். பிறகு நான் மதாமைப் பற்றிச் சொல்ல, அந்தக் கதையெல்லாம் எழுதின கொப்பிகளை எடுத்துப் போனிலேயே வாசி என்றார். அவனோடு இத்தனை வருடம் இருந்த அந்த மனிதன் யாரென்று அறிய வேண்டுமாம்.

எனக்குக் குழப்பம் தீரவில்லை அண்ணா. கடலுக்கு அப்பால் இருந்த அம்மாவுக்கு மணத்தது, ஒரே ஸ்டேசனில் இறங்கிய எனக்கு ஏன் மணக்கவில்லை?

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். ஆண்டுத் திவசத்துக்குப் புது மலர் அடிப்பேன். ஜெர்மன்காரருக்கு அவருடைய படத்தையும் பெயரையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன், பெயரை மதாம் கையாலேயே எழுதி வாங்குவேன். உங்கள் பக்கத்தில், இசைப் பள்ளியில் பத்தொன்பது வருடம் தரை துடைத்தார் என்று பெரிய எழுத்தில் போடுவேன். கை கூசிய அந்த வரியை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே விடுவேன். இந்த முறை கடைசிப் பக்கத்தை ரூபன் பார்க்கட்டும். உங்கள் பக்கத்தை நான் பார்க்கிறேன்.

ஸ்டேசன் படியில் கையசைத்ததோடு நின்றுவிட்ட,
உங்கள் தங்கச்சி
வதனி