கோர்டன் வந்தால் இங்கிலீஷ்

ஜனவரி 12, 1987

வகுப்பில் கனடா வரைபடம். கியூபெக்கைக் காட்டு என்றால் காட்டுகிறார்கள். டொராண்டோவைக் காட்டு என்றால் காட்டுகிறார்கள். நம் ஊரைக் காட்டு என்றால் படத்தின் மடிப்பைக் காட்டுகிறார்கள். தப்பில்லை. லாக்-ஓ-பேன் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. வருஷக்கணக்காக மடித்து மடித்து, ஒன்டாரியோவின் வடக்கில் நாங்கள் பிரெஞ்சு பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இப்போது ஒரு ஓட்டை.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். ஜூனோடு எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தை மூடிவிடலாமா என்று கல்வி வாரியம் யோசிக்கிறதாம். மூடினால் என் மிரேய் இருட்டில் பஸ் ஏறி அடுத்த ஊர் இங்கிலீஷ் பள்ளிக்குப் போக வேண்டும். அவளுக்கு ஏழு வயது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் என்னிடமே இங்கிலீஷில் பேசுவாள். எனக்கு வேலையும் போகும், மகளும் போவாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய், வாரியத்துக்கு நல்ல குறி.

ஜனவரி 15

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற முதல் கூட்டம். ஆணிக்கடை அதெலார்தான் தலைவர். மேசையில் குத்தி, "நம்ம பாஷைக்காக உசுரக் குடுப்போம்!" என்று பிரெஞ்சில் முழங்கினார். அந்த நேரம் பார்த்து முடிதிருத்தகம் நடத்தும் உய்கெத் உள்ளே வந்தாள். பின்னாலேயே அவள் புருஷன் கோர்டன், கையில் ஒரு தட்டு இனிப்போடு. கோர்டன் இங்கிலீஷ்காரர்.

அவ்வளவுதான். உசுரைக் கொடுக்க வந்த அதெலார், பாதி வாக்கியத்திலேயே இங்கிலீஷுக்குத் தாவினார். கூடவே நாங்கள் எல்லோரும். பிரெஞ்சை எப்படிக் காப்பாற்றுவது என்று இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் பேசினோம். அதெலாரின் இங்கிலீஷைக் கேட்டால் ஆணிகூட வளைந்துவிடும். கோர்டன் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 3

மைனஸ் நாற்பத்தொன்று. கார் கிளம்பவில்லை. கமிட்டியும்தான்.

பிப்ரவரி 19

சரித்திர வகுப்பு. எழுபது வருஷத்துக்கு முன்னால் இந்த மாகாணம் பிரெஞ்சுப் பாடத்துக்குத் தடை போட்டபோது, ஒட்டாவாவில் இன்ஸ்பெக்டரை உள்ளே விடாமல் தாய்மார்கள் தொப்பி ஊசியும் வாணலியுமாகப் பள்ளி வாசலில் காவல் நின்ற கதை. தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்துகிற அந்தக் காலத்து ஊசி ஒன்றைக் கடைவீதியில் வாங்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல நீளம்.

மிரேய் கேட்டாள்: "இப்ப இன்ஸ்பெக்டர் வந்தா நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

நாற்காலி போட்டு இங்கிலீஷில் காப்பி வேணுமா என்று கேட்போம் கண்ணே. சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 10

வீட்டில் சண்டை. "கூட்டத்துல பிரெஞ்சுல பேசினா என்ன, வாய் வெந்துடுமா?" என்றேன் ரெயாலிடம். மர லாரி ஓட்டுகிற என் புருஷனுக்குத் திடீரென்று நாகரிகம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஒரு மனுஷன் எதிர்ல உக்காந்திருக்கான். அவனுக்குப் புரியாத பாஷையில பேசறது மரியாதையா?"

மரியாதை! இந்த மரியாதையாலேயே அழிந்து போகப் போகிற இனம் நாங்களாகத்தான் இருப்போம். கல்லறையிலும் எழுதிவைக்கலாம் — இங்கிலீஷில், யாராவது இங்கிலீஷ்காரர் அந்தப் பக்கம் வந்தால் வசதியாக இருக்கும்.

இத்தனையும் எழுதுகிற நான் அந்தக் கூட்டத்தில் எந்த பாஷையில் பேசினேன்? வேண்டாம், விடு.

ஏப்ரல் 8

வாரியத்திலிருந்து மதாம் தெரியோ வந்தார். ஒட்டாவாப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரி. கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கோர்டன் முதல் வரிசையில் இருந்தார். அப்புறம் சொல்ல வேண்டுமா?

முடிந்ததும் அந்த அம்மா எழுந்து, அன்றைய கூட்டத்தில் முதல் ஆளாகப் பிரெஞ்சில் பேசினார்: "உங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் நல்லாவே வருதே. அப்புறம் எதுக்கு தனியா ஒரு பள்ளிக்கூடம்?"

போச்சு. எல்லாம் போச்சு. வீட்டுக்கு வந்து மிரேயைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 11

ஊரே கோர்டனைத் திட்டுகிறது. முடி வெட்டப் போன இடத்தில் உய்கெத் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி ஒதீல், பழிய எம்புருஷன் தலையிலயா போடறீங்க? இருபது வருஷமா எங்கம்மா அவரத் திட்டறதெல்லாம் பிரெஞ்சுலதான். ஒண்ணு விடாம புரியும் அவருக்கு! நீங்கல்லாம் இங்கிலீஷ் பழகிக்கத்தான் கூட்டம் போடறீங்கன்னு நெனச்சு, பொறுமையா உக்காந்திருக்காரு மனுஷன்."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க விட்டீங்க? அவரு ஒரு வார்த்தை பிரெஞ்சுல சொன்னா, நீங்க இங்கிலீஷ்ல பதில் சொல்லிடறீங்க. எங்க பையன் லுக் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கணும்னு எங்க வீட்டுல ஒத்தக்கால்ல நிக்கறதே அவருதான்."

முடியைக் கோணலாக வெட்டிவிட்டாள். கேட்கவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

மே 6

வாரியத்தின் கடைசி விசாரணை. தொப்பி ஊசியைக் கோட்டுக் காலரில் குத்திக்கொண்டு போனேன். எதற்கு? தெரியவில்லை, ஒரு தைரியத்துக்கு.

கோர்டன்தான் முதலில் எழுந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "என் பையன்... இந்தப் பள்ளிக்கூடத்துலதான்... படிக்கணும். இது எங்களுக்கு... வேணும்." உச்சரிப்பு கொலை. ஆனால் பிரெஞ்சு. "தலைவரே, இனி நீங்க சொல்லுங்க."

அதெலார் எழுந்தார். நெகிழ்ந்துபோய் ஆரம்பித்தார்: "தேங்க் யூ கோர்டன், வெரி நைஸ்—"

ஊசி எப்போது என் கைக்கு வந்தது, எப்போது பக்கத்தில் நின்ற அவர் தொடையில் ஏறியது, சத்தியமாகத் தெரியாது.

அலறினார். அலறல் சுத்தமான பிரெஞ்சு. நம் ஊர்க் கெட்ட வார்த்தையெல்லாம் கோயில் சாமான்தானே — நற்கருணைப் பேழையில் ஆரம்பித்துப் பூசைப் பாத்திரம், பலிபீடம் என்று ஒரு கோயிலையே இறக்கிவைத்தார். சபை ஆடிப்போயிற்று. அப்புறம் அடைப்பு எடுத்த குழாய் மாதிரி கொட்டினார். ரயில் பாதையோடு வந்து அவர் அப்பா காட்டை வெட்டியது, பள்ளிக்கூடம் எரிந்தபோது பலகை சுமந்து மறுபடி கட்டியது, "எம்பேரன் என்கிட்ட வேத்து ஆள் மாதிரி பேசறதப் பாக்கவா இத்தனையும்?" என்றது. அழுதுகொண்டே சொன்னார். எல்லாம் பிரெஞ்சில். கோர்டன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மதாம் தெரியோ கேள்விகள் எழுதிய தாளை மடித்து வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

மே 7

அதெலார் எனக்கு ஆணி தர மாட்டேன் என்கிறார். ரெயாலை அனுப்பி வாங்கினேன்.

ஜூன் 17

மூடவில்லை. இரண்டு வருஷம் தவணை. மிரேய்க்கு இங்கேயேதான் மூன்றாம் வகுப்பு. சமையலறையில் நின்று ஒருமூச்சு அழுதேன், ரெயால் பட்டாணி சூப்பைத் தீய விட்டான், அதையே எல்லோரும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 8

பள்ளிக்கூடம் திறந்தது. புது வரைபடம் வந்திருக்கிறது. இதிலும் நாங்கள் மடிப்பில்தான்.

வாசலில் கோர்டன், லுக்கைக் கையில் பிடித்துக்கொண்டு. தொப்பியைக் கழற்றி, கோடை முழுக்கப் பயிற்சி செய்திருப்பார் போலிருக்கிறது, நீளமாக, பிழையில்லாமல், பிரெஞ்சில் சொன்னார்: "வணக்கம் மதாம் ஒதீல், இந்த வருஷமும் எங்க பையன உங்க கையில ஒப்படைக்கிறோம்."

"குட் மார்னிங், கோர்டன்!" என்றேன்.

அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் என் காலரில் குத்தியிருந்த தொப்பி ஊசியைப் பார்த்தார். கையை நீட்டினார்.

கழற்றிக் கொடுத்துவிட்டேன்.