அன்று பேசியது நீதான்

அத்தே,

இன்று காலை விடுதிக்கு அம்மை குத்துகிறவர் வந்திருந்தார். வரிசையில் நின்று ரவிக்கைக் கையைச் சுருட்டியபோது, அவர் பஞ்சில் தொட்டுத் தடவிய மருந்தின் நெடி மூக்கில் ஏறியது. எனக்குப் பின்னால் நின்ற பெண் மெல்ல நழுவி மாடிப்படிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

நம் கழனிக்கு அம்மை குத்த வந்த அன்று நீ கரும்புக்குள் ஓடிப்போனாய். ஓடுவதற்கு முன் என்னை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு, "நீ கைய நீட்டு கண்ணு. எனக்குக் கை வீங்கிக்கினா நாளைக்கு மடை திருப்பறது யாரு?" என்றாய்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த கோடை அது. அரைமணி நேரம் மாடு கட்டிக் கவலை இறைத்தால் கிணற்றில் சேறு வந்துவிடும். கிடைத்த தண்ணீரை ஒரு சொட்டு வீணாகாமல் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவது உன் வேலை. புருஷன் வீட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் நீ. ஏன் வந்தாய் என்று நம் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கிணற்றடியில் குளிக்கும்போது உன் முதுகில் இருந்த தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். நீ என்னைவிட எட்டு வயதுதான் பெரியவள்.

எனக்கு அப்போது பதின்மூன்று. திருவாலங்காட்டில் ஒரு வீட்டில் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ சமையற்கட்டிலிருந்து வந்து, "அவ நல்லா படிக்கிறாண்ணா. இன்னும் கொஞ்ச வருசம் போவட்டுமே" என்றாய்.

நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாழத் தெரியாம வந்தவ நீ எனக்கு யோசன சொல்றியா? போ, போய் அடுப்பப் பாரு."

கூடமே சிரித்தது. நீ போய் அடுப்பைப் பார்த்தாய்.

அடுத்த வாரமே உனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பங்கொத்து செருகினார்கள். தாளிதம் நின்றது. வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். உன்னை வாழையிலையில் கிடத்தி வேப்பிலையால் விசிறுவது என் பொறுப்பாயிற்று. ஒரே நாளில் நீ எங்களுக்கு ஆத்தாவாகிவிட்டாய். உன்னை அடுப்பைப் பார்க்கச் சொன்ன நைனா, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இன்னா வேணும் தாயே?" என்று கைகூப்பி நின்றார்.

முதல் நாள் நுங்கு கேட்டாய். உச்சி வெயிலில் நைனாவே ஓடிப்போய்க் கொண்டுவந்து, நகத்தால் தோல் உரித்து ஊட்டினார். அவர் போனதும் நீ ரொம்ப நேரம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நாலாம் நாள் உன் தொண்டை முழுக்கப் புண். அவர் வழக்கம்போல் வந்து நின்றார். நீ அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில், "அந்தப் பொண்ணுக்குத் தாலி கட்டாத. அவ எவ்ளோ தூரம் படிக்கிறாளோ அவ்ளோ தூரம் அனுப்பு" என்றாய். நைனா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். "ஆங், தாயே. உன் வாக்கு" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நீ தலையை என் பக்கம் சாய்த்தாய். கண் திறக்க முடியவில்லை உனக்கு. "நம்பிக்கினானாடி எங்கண்ணன்?" என்றாய்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் கேட்டு உன் உதடும் லேசாகக் கோணியது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. ஆத்தா எடுத்துக்கொண்டவர்களுக்காக அழக்கூடாதாம், அழுதால் அவளுக்கு ஆகாதாம். நான் அழ வாயெடுத்தபோது அம்மா முந்தானையால் என் வாயை அடைத்தாள். உன்னைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம் கோடை மழை கொட்டியது. ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றே நைனா திருவாலங்காட்டுக்கு ஆள் அனுப்பிக் கல்யாணத்தை நிறுத்தினார். அரக்கோணத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்.

ஆத்தாவின் பெயரைச் சொல்லி ஏமாற்றியதால்தான் அவள் உன்னை எடுத்துக்கொண்டாள், அதுவும் எனக்காக ஏமாற்றியதால், என்று பல வருஷம் நம்பியிருந்தேன். அது வெறும் நோய்தான் என்று பிறகு புத்தகங்களில் படித்தேன். படித்ததை மனசு இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். களத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பெரிய மாமா நைனாவைச் சீண்டினார். "இன்னா மச்சான், தல நரச்சப்புறம்தான் பொண்ணுக்கு மாப்ள தேடுவியா?"

நைனா சிரிக்கவில்லை. ஆத்தா கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "எங்கூட்டுல ஆத்தா வந்து நின்னு சொன்ன வாக்கு. மீற முடியாது மச்சான்" என்றார்.

ஆத்தா வந்து நின்றாள் என்கிறார். தன் தங்கை கிடந்தாள் என்று ஒருமுறையும் சொன்னதில்லை. வருஷா வருஷம் உன் நாளில் ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றுகிறார். உன் பெயர் அவர் வாயில் வருவதில்லை. உனக்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. தங்கையைப் பறிகொடுத்தவராக அவர் இருக்க முடியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுவாரமே மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காருவார்கள். ஆசிரியைப் பயிற்சி முடிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த ஒரு வருஷமும் நீ ஆத்தாவாகவே இருக்கவேண்டும், அத்தே. வேலைக்கு உத்தரவு கைக்கு வந்ததும் ஊருக்கு வருவேன். நைனாவைத் தனியே கூட்டிப்போய், அன்று பேசியது உங்கள் தங்கச்சி என்று சொல்வேன். என்னை அடித்தாலும் அடிக்கட்டும். அதற்குப் பிறகாவது அவர் உனக்காக அழட்டும்.