எரிச்சல் மட்டும் தெரியும் மூக்கு

ஜூன் 14, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். கடல் காற்று இன்னும் எழவில்லை. தலையில் தையல் போட்ட இடம் வியர்வையில் அரிக்கிறது. முடி முள்முள்ளாக வளர்கிறது. ஸ்கார்ஃப் இல்லாமல் இருந்தால் சுகம். யாராவது கதவைத் தட்டினால் மட்டும் கட்டிக்கொள்கிறேன்.

ஃபிட்ஸ் மாத்திரை காலை, இரவு. இரண்டும் போட்டாயிற்று.

நேற்றைய சாம்பார் ஊசிப்போனது தெரியாமல் சூடாக்கி இவருக்கு டிபன் கட்டிவிட்டேன். ஹார்பரிலிருந்து டப்பா அப்படியே திரும்பி வந்தது. "கேன்டீன்ல சாப்ட்டேன்" என்றார். நானாகத்தான் நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புளிப்பு தெரிகிறது, வாடை தெரிவதில்லை.

மூளையில் கட்டியை எடுத்தபோது வாசனை நரம்பும் கூடவே போய்விட்டது. டாக்டர் முன்பே சொன்னதுதான். உயிரா மூக்கா என்றால் என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டோம்.

மகள் மது காசிமேட்டில், இவருடைய அக்கா வீட்டில். ஆபரேஷனுக்காக விட்டது. மூன்று வயதுக் குழந்தை. நான் நடமாட ஆரம்பித்த பிறகும் அண்ணி அனுப்பவில்லை. போன ஞாயிறு கேட்டேன்.

"கேஸு கசிஞ்சா ஒனக்குத் தெரியுமா? கொயந்தய உட்டுட்டு நான் அங்க வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்திருக்கணுமா?"

அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் நேற்று போனில் மது அண்ணியை "அம்மா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. அது நியாயமா?

ஜூன் 16, சனி

பரிசோதனை நாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தது இதற்காவது உதவட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மூக்கருகில்:

காபித் தூள் — இல்லை.
மல்லிகை — இல்லை. ஈரக் காகிதம் மாதிரி.
நெத்திலிக் கருவாடு — இல்லை!! கருவாட்டு வாடைக்குச் சண்டைக்கு வரும் மாடி வீட்டு அம்மா கேட்டால் நம்பமாட்டார்கள்.
கற்பூரம் — வாசனை இல்லை, ஆனால் ஜில்லென்று இருக்கிறது.
மிளகுப் பொடி — தும்மல்.
தைலம் — ஜில், பிறகு எரிச்சல்.
இவருடைய சட்டை — இல்லை. (நல்லதுதான்.)

அப்படியானால் மூக்கு முழுதாகச் செத்துப்போகவில்லை. எதற்கு ஜில்லிடுகிறது, எதற்கு எரிகிறது? டாக்டரிடம் கேட்க வேண்டும்.

துணி துவைக்கும் சோப்பு தீர்ந்துவிட்டது.

ஜூன் 19, செவ்வாய்

செக்-அப். நல்லபடியாக இருக்கிறதாம். கேட்டேன். வாசனைக்கு ஒரு நரம்பு, எரிச்சலுக்கும் குளிர்ச்சிக்கும் வேறு நரம்பு என்றார் டாக்டர். போனது முதலாவது. அடுத்தது முகத்து உணர்ச்சி நரம்பு, பத்திரமாக இருக்கிறது. சிரித்துவிட்டேன். மூக்குக்குள் இரண்டு பேர் குடியிருந்தது இத்தனை வருஷம் தெரியாது.

திரும்பும் பஸ். காசிமேடு மீன் துறைமுகம் தாண்டும்போது எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா: "இன்னாமே, ஒனக்கு நாறலியா?"

"இல்லம்மா."

"குட்த்து வச்சவ."

அண்ணி வீட்டுத் தெரு ஜன்னல் வழியே தெரிந்தது. இறங்கவில்லை. இறங்கினால் மது இல்லாமல் திரும்பி வர முடியாது.

ஜூன் 24, ஞாயிறு

அண்ணி மதுவோடும் அவள் மாற்றுத் துணிப் பையோடும் வந்தார்கள். மது முதலில் என் தலையைத் தடவிப் பார்த்தாள். "குத்துது."

அண்ணி அடுப்பை என்னிடம் விடவில்லை. அவர்களே நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். மதுவும் நானும் கூடத்தில். மூக்கின் நுனியில் சுருக்கென்றது. மிளகாய் நெடியோ என்று நினைத்தேன். மிளகாய் என்றால் தொண்டைக்குப் போகும், இருமல் வரும். இது உள்ளே ஊசி போல ஏறியது. காலேஜ் லேபில் அமோனியா பாட்டில் திறந்தால் இப்படித்தான். வடக்கே ஏதோ கம்பெனியிலிருந்து காற்று திரும்பும்போது எப்போதாவது வரும் அமோனியா; தெருவில் அதைக் 'காரம்' என்பார்கள். திருவொற்றியூரில் எல்லா வீட்டுக்கும் பழக்கம்.

வடக்கு ஜன்னலைச் சாத்தினேன். துண்டை நனைத்து மதுவின் முகத்தில் வைத்தேன். அடுப்பை அணைத்தேன்.

"இன்னாடி பண்ற? கருவாடு பாதி வெந்துகினு கீது."

"காரம் வருது அண்ணி. ஈரத்துணி பிடிங்க."

"கருவாட்டு வாடை அது. மூக்கு இல்லாதவ எனக்குச் சொல்றியா?"

அதற்குள் தெருவில் படபடவென்று கதவு சாத்தும் சத்தம். "காரம் வந்துட்ச்சு, கொயந்தைங்கள உள்ள இஸ்துக்கோ" என்று யாரோ கத்தினார்கள். பிறகுதான் அண்ணிக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

காற்று மாறும்வரை மூவரும் உள்ளறையில் ஈரத்துணியோடு. மதுவுக்கு அது விளையாட்டு.

"எனக்குக் கருவாடுதான் வந்துச்சு" என்றார்கள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"அண்ணி, இது எனக்குத் தெரியும். சிலிண்டர் வாடை தெரியாது. அது போன நரம்பு."

காட்டினேன். சிலிண்டரைப் பின்பக்கம் தாழ்வாரத்துக்கு மாற்றியாயிற்று. சமைத்து முடித்ததும் ரெகுலேட்டர் மூடுகிறேன். டியூபில் சோப்பு நுரை பூசினால் கசிகிற இடம் முட்டை முட்டையாகக் குமிழிடும். அண்ணி தானே நுரை பூசி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்கள். முட்டை வரவில்லை.

கிளம்பும்போது அண்ணி மதுவின் பையை எடுக்கவில்லை.

"நாளிக்கு வருவேன். வந்து மோந்து பாப்பேன். கேஸ் நாறுச்சுனா இவ என்னோடதான்."

வாசல்வரை போய்த் திரும்பி, கருவாட்டை என்னையே வறுத்து முடிக்கச் சொன்னார்கள்.

ஜூன் 25, திங்கள்

காற்று நன்றாக இருக்கிறது. கடல் பக்கம்.

சொன்னபடியே வந்தார்கள். அடுப்படி, தாழ்வாரம், டியூப், எல்லாம் மோந்தார்கள். மதுவும் பின்னாலேயே மூக்கைச் சுருக்கிக்கொண்டு. பிறகு காபி. "பால்ல தண்ணி ஜாஸ்தி. மத்தபடி ஒண்ணும் நாறல." போய்விட்டார்கள். பையைத் தொடவில்லை.

மத்தியானம் மது தூங்கும்போது அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. சூடு மட்டும்.

எழுவதற்குக் கையை ஊன்றும்போதுதான் பாய் ஈரமாக இருந்தது தெரிந்தது. எழுப்பினேன்.

"மது, மூச்சா போனியா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து, அண்ணி மாதிரியே மூக்கை இழுத்துப் பாயை மோந்தாள்.

"ஒண்ணும் நாறல" என்றாள்.