வாசல் மூலையில் ஹைட்ரேஞ்சியா பூத்துவிட்டது

ஷிமோதா,
ஜூன், மழை விடாத ஒரு நாள்

அன்புள்ள மகன் நாவோயாவுக்கு அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழையோடு சேர்ந்து முனகுகிறது. வான்கூவரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன புத்தாண்டுக்கு நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை, அதை இப்போது பேசப் போவதில்லை. செடி பூத்துவிட்டது! நீ மொட்டையடித்துவிட்டுப் போனாயே, வாசல் மூலை ஹைட்ரேஞ்சியா, அதேதான். மொட்டு தெரிந்தபோதே எழுதியிருப்பேன், நிறம் ஏறட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை கதவைத் திறந்தால் கிளைக்குக் கிளை நீலம். செருப்புகூடப் போடாமல் மழையில் இறங்கி நின்றேன். "என்னங்க, இந்த வயசுல காய்ச்சல் வாங்கணுமா" என்று அம்மா குடையோடு ஓடி வந்தாள், வந்தவள் குடையைச் செடிக்குப் பிடித்தாள், எனக்கில்லை.

நீ செய்ததை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ கடைசியாக வந்த வருஷக் கடைசியில், வீடு முழுக்கத் துடைத்துப் பெருக்கும் நாளில், "அப்பா, தோட்டத்தையும் சுத்தம் பண்ணிட்டேன், புத்தாண்டுச் சாமி இனி தைரியமா உள்ள வரலாம்" என்று கத்தரிக்கோலோடு வந்து நின்றாய். காய்ந்த பூக்கொத்துகளோடு கீழே இருந்த கொழுத்த மொட்டுகளையும் சேர்த்து வெட்டியிருந்தாய். இந்தச் செடி அடுத்த மழைக்கான பூவை இலையுதிர்காலத்திலேயே கிளையில் கட்டி வைத்துவிடும். எந்தப் பள்ளியிலும் இதை நான் படிக்கவில்லை, மொட்டைப் பிளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். உருண்டையாக இருந்தால் பூ, ஒல்லியாக இருந்தால் இலை. அன்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டது, நீ சொல்லாமல் கிளம்பிப் போய் விமானம் ஏறிவிட்டாய். கத்தியது தப்பென்று இன்றும் நான் நினைக்கவில்லை.

போன மழைக்கு வெறும் இலைதான். நம் தெருச் சங்கத் தலைவன் குவபாரா வந்து, "அண்ணே, இதென்ன கீரையா, மிசோ சூப்புல போடலாமா" என்று சிரித்தான். சிரிப்போடு விட்டானா? தெருக் குப்பைப் பைகளை வைத்துக் காக்கை கிளறாமல் வலை போட்டு மூட நம் வாசல் மூலைதான் தோது, பூக்காத செடியைப் பிடுங்கிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். உன் அம்மாவும்! நான் எழுந்து, அடுத்த மழைக்கும் பூக்காவிட்டால் நானே வேரோடு தோண்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒரு கத்தரியையும் அதன் பக்கம் விடவில்லை. வருஷக் கடைசியில் தெருவே பளபளத்தது, நம் வாசலில் மட்டும் பழுப்புக் கொத்துகள் தலைவிரித்து நின்றன. "சாமி உங்க வாசலைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடும் அண்ணே" என்றான் குவபாரா. திரும்பட்டும் என்றேன். அந்தக் காய்ந்த பூதான் கீழிருக்கும் மொட்டுக்குக் குளிர்குல்லா, இவனுக்கு எங்கே தெரியும். மார்ச்சில் உறைபனி வருமென்று ரேடியோ சொன்னபோது என் கம்பளியையே செடிக்குப் போர்த்தினேன், நான் கோட்டோடு படுத்தேன்.

இன்று குவபாரா குடையோடு வந்து செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு, "வலையை எங்க வாசல்லயே கட்டிக்கிறேன், எனக்கொரு கொத்து குடுங்க அண்ணே" என்றான். கொடுக்கவில்லை. முதல் கொத்தை அம்மா காகிதத்தில் சுற்றி, நோய்நொடி அண்டாதிருக்க வாசலில் தலைகீழாகக் கட்டிவிட்டாள். அந்தக் காகிதத்தில் உன் பெயரையும் பிறந்தநாளையும் எழுதச் சொன்னது நான்தான் என்று ஃபோனில் சொல்வாள், நம்பாதே.

நீயும் பால்கனியில் இதே செடியை ஒரு தொட்டியில் வைத்திருக்கிறாயாமே. காலை வெயில் போதும், மதிய வெயில் ஆகாது. இலை தொங்கினால் பயப்படாதே, தண்ணீர் விட்டால் நிமிர்ந்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் கை வைக்காதே.

கடைசியாக ஒன்று. வருஷக் கடைசியில் வராதே, அப்போது உனக்கு இங்கே வேலையில்லை. ஜூலை முடிவில் பூ மங்கும், கொத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலை தள்ளி வெட்ட வேண்டும், அதுதான் வெட்டும் காலம். எனக்கு எட்டாத கிளைகள் இருக்கின்றன. உன் கத்தரிக்கோலை நீ போன அன்றே பூட்டி வைத்தேன். இன்று மத்தியானம் எடுத்துச் சாணை பிடித்துவிட்டேன்.

நோயில்லாமல், மனக்குறையில்லாமல் நீ நீண்ட காலம் வாழ வேண்டும். மழைக்கோட்டை மறக்காதே.

இன்னும் கோபம் தீராத
உன் அப்பா,
தொகுஜி