ஒருவரைக் குறைக்கலாம்

அன்பு அக்கா,

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் அவசரத்தில், நம் தையல்கடையைப் பற்றி நீ எழுதிய வணிக மேலாண்மை அறிக்கையை மேசையில் விட்டுவிட்டாய். கடைசிப் பக்கத்தில், ‘ஆட்கள் அதிகம்; ஒருவரைக் குறைக்கலாம்’ என்றிருக்கிறது. கடையில் இருப்பதே அம்மாவும் நானும்தான்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அப்போ நான் வீட்ல தூங்கறேன், நீயே கடையப் பாத்துக்கோடி” என்று சிரித்துவிட்டு, அடுத்த சட்டையை என் மடியில் போட்டாள்.

நான் பொத்தான் தைத்தபோது நீ கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்தது இதற்குத்தானா? போனில் கேட்க வாய் வரவில்லை. அழுவதா, சந்தோஷப்படுவதா என்றும் புரியவில்லை.

குறைக்க வேண்டியது என்னைத்தான் என்றால், அதை அம்மாவிடம் நீயே சொல். பாதியில் விட்ட ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை நான் இன்னும் எடைக்குப் போடவில்லை.

உன் தங்கை