ஜவுளிக்கடை மாடிக்கு வந்த ரேஷன் கார்டு

எதிர் மாடியிலிருந்து இன்று காலை தாளிப்பு வாசனை வந்தது. மளிகைக்கடைக்கு மேலே, மூட்டை அடுக்கியிருந்த அறையில் புதிதாக ஒரு குடும்பம். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் இப்போது பாதி மாடிகளில் துணி காய்கிறது. இங்கே முதலில் துணி காயப்போட்டவள் நீ. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் நாம் வந்தபோது, கடை பூட்டினால் தெருவில் ஆள் இருக்காது. சுங்குவார்சத்திரத்தில் என் சித்தப்பா வீட்டில் நீ கேட்ட பேச்சு போதும் என்று, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கமாக இந்த மாடியைப் பிடித்தேன். கீழே ஜவுளி இருப்பதால் விறகு எரிக்கக் கூடாது என்றார் கடைக்காரர். மண்ணெண்ணெய்க்குத் தனி ரேஷன் கார்டு வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடி சித்தப்பா வீடுதான்.

சித்தப்பாவோ, நாம் தன்னோடுதான் இருக்கிறோம் என்று ரேஷன் ஆபீசில் கைப்பட எழுதிக் கொடுத்தார். நம் பெயர்கள் அவர் கார்டில் இருந்தால் சர்க்கரை கூடுதலாக வரும். என்னைப் படிக்க வைத்தவர் என்று ஊர் மெச்சும் மனிதர்.

விசாரிக்க வந்த குமாஸ்தா படியேறி மூச்சு வாங்க நின்றார்.

"கடத்தெருவுல எவம்மா குடித்தனம் பண்றான்? இது குடோன்னு சொல்றாங்க."

நான் சட்டம் பேச வாயெடுத்தேன். நீ கண்ணாலேயே அடக்கிவிட்டு, மிச்சமிருந்த அரை பாட்டில் மண்ணெண்ணெயில் எரிந்த ஸ்டவ்வின் மேல் கொதித்துக்கொண்டிருந்த பானையைத் திறந்து காட்டினாய்.

"சோறு வேவுது சார். கொஞ்சம் குந்துங்க. சாப்ட்டுட்டு எழுதுங்க, இது வூடா குடோனான்னு."

சாப்பிட்டார். ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார். அடுத்த வாரம் கார்டு வந்தது. இந்தத் தெரு மாடிகளுக்கு வந்த முதல் கார்டு. நான் வாங்கிய பட்டத்தைவிட எனக்கு அதில்தான் பெருமை.

இப்போது மாடிக்குக் குடிவருகிறவர்கள் விண்ணப்பம் எழுத என்னிடம்தான் வருகிறார்கள். போன வாரம் சித்தப்பாவே வந்தார். புதுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த மகன் பாத்திரக்கடை மாடியில் குடியேறுகிறானாம்; தனிக் கார்டு வேண்டுமாம்.

"அன்னிக்கு நடந்தத மனசுல வெச்சிக்காதப்பா" என்றார்.

வைத்திருக்கிறேன் என்றே சொன்னேன். பிழையில்லாமல் எழுதியும் கொடுத்தேன். நீ இருந்திருந்தால் காபி கொடுத்திருப்பாய். நான் கொடுக்கவில்லை. நீ போய் இரண்டு வருடமாகியும் அவரை மன்னிக்க எனக்கு வரவில்லை. இந்த மாடியை விட்டு இறங்கவும் வரவில்லை.